பாய்லரில் எடுத்த நெருப்பு

காலைக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கோங்க சார், கண்ணாடி சுடும். பயப்படாதீங்க, எண்ணெய் அரை டேங்க்தான் இருக்கு, கொட்டாது. கண்டக்டரும் முதல்ல ஏத்த மாட்டேன்னுதான் சொன்னாரு. எரியிற லாந்தரோட எவனாவது பட்டப்பகல்ல பஸ் ஏறுவானான்னு கேட்டாரு. சாமி நெருப்புன்னு சொன்னேன். கன்னத்துல போட்டுக்கிட்டு, கடைசி சீட்டுக்குப் போங்கன்னு விட்டுட்டாரு. அதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்துட்டேன். மன்னிச்சிக்கோங்க.

எந்தக் கோயில் நெருப்பா? கோயில் நெருப்பு இல்ல சார். பாய்லர் நெருப்பு. தெர்மல் பிளான்ட் இருந்துச்சே, நீங்க இந்த ஊருக்குப் புதுசா? அப்போ தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்துல இடது கைப் பக்கம் ஒரு சுவரு வரும் பாருங்க, முடியவே முடியாது, வந்துகிட்டே இருக்கும். அந்தச் சுவருக்குள்ளதான். இப்ப உள்ள ஒண்ணும் கிடையாது. சிமினியக் கூட வெடி வெச்சி இறக்கிட்டாங்க. உக்காரும்னு நினைச்சேன், மல்லாக்க விழுந்துச்சு.

நான் அரக்கோணம் பக்கம் சார். பேரு ஜெகதீசன். பாய்லர் ஆபரேட்டர். முதல் யூனிட் எரிய ஆரம்பிச்ச வருஷம் வேலைக்கு வந்தேன். இந்தப் பங்குனியில யூனிட்டும் நானும் ஒண்ணாத்தான் ரிடையர் ஆனோம்.

அதுக்கு முன்னாடி அங்க ஒரு ஊரு இருந்துச்சு. உடைமரத்தேரி. செம்மண்ணு, உடைமரம், கொஞ்சம் பனை, கடல் தண்ணி ஏறி இறங்குற ஓடை. அவ்வளவுதான். நான் வரும்போது ஊரு இல்ல. ஊர்க்காரங்கள பன்னண்டு கிலோமீட்டர் தள்ளி காலனி கட்டிக் குடுத்து அனுப்பிட்டாங்க. புது ஊருன்னே பேரு. நீங்க ஏறினதுக்கு அடுத்த ஸ்டாப், நான் ஏறினேனே, அதான். அங்கருந்துதான் வர்றேன்.

ஊரு போச்சு, ஆனா முப்பிடாதி அம்மன் போகல. ஒரு சின்ன பீடம், பக்கத்துல வேப்பமரம், அவ்வளவுதான் கோயில். அதத் தொட விடமாட்டோம், தொட்டா நாங்க நகர மாட்டோம்னு அவங்க உக்காந்துட்டாங்க. சரின்னு மேல பேசி முடிவு பண்ணாங்க. அம்மன் உள்ளயே இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு நாள், ஆடிக் கொடைக்கு, ஊர்க்காரங்க பாஸ் வாங்கிட்டு உள்ள வந்து பொங்கல் வெச்சிட்டுப் போகலாம்னு. ஒரு பக்கம் கரி யார்டு, இன்னொரு பக்கம் ஃபர்னஸ் ஆயில் டேங்க், நடுவுல அம்மன். பீடத்த எப்பத் துடைச்சாலும் ஒரு விரல் சாம்பல் இருக்கும்.

முதல் வருஷக் கொடை வந்துச்சு. பானை, அரிசி, வெல்லம், விறகு எல்லாம் தூக்கிட்டு கேட்டுக்கு வந்துட்டாங்க. செக்யூரிட்டி எல்லாத்தையும் விட்டான், தீப்பெட்டிய மட்டும் பிடுங்கிட்டான். ஆயில் டேங்க் இருக்குற இடம், தீப்பெட்டி, லைட்டர், பீடி எதுவும் கேட்டத் தாண்டக் கூடாது. அது சட்டம். பொம்பளைங்க அடுப்புக் கூட்டி, பானையில தண்ணி ஊத்தி, பத்த வெக்க நெருப்பில்லாம உக்காந்திருக்காங்க. விறகு கொண்டு வரலாம், அடுப்புக் கூட்டலாம், தீப்பெட்டி கொண்டு வரக்கூடாது. யாருக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல. அப்பதான் எங்க டிவிஷன் இன்ஜினியர் சிரிச்சிக்கிட்டே சொன்னாரு, யோவ் ஜெகதீசா, உள்ள அவ்வளவு நெருப்பு எரியுது, ஒரு அடுப்புக்கு இல்லையா, போய் எடுத்துட்டு வாய்யான்னு.

ஆர்டர் வந்தா நான் யோசிக்க மாட்டேன் சார். பாய்லர்ல பாக்குறதுக்குன்னு சின்னக் கதவு இருக்கும். நீளக் கம்பியில காட்டன் வேஸ்ட் சுத்தி, டீசல்ல நனைச்சி உள்ள நீட்டினேன். புடிச்சிக்கிச்சு. அதுல இந்த லாந்தர ஏத்தினேன், இதே லாந்தர்தான். ஃபயர் சர்வீஸ் வண்டி பின்னாடியே வருது, நான் முன்னாடி லாந்தர் பிடிச்சிட்டுப் போறேன். கன்வேயருக்கு அடியில, கரி யார்டு ஓரமா. ஊர்க்காரங்க எழுந்து நின்னு கும்பிட்டாங்க. என்ன இல்ல, நெருப்ப. ஆனா தூக்கிட்டுப் போனது நான்தானே? பொம்பளைங்க குலவை போட்டாங்க. எங்க பக்கம் அந்தக் குலவை கிடையாது. லாந்தர ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டேன்.

அன்னையிலேருந்து வருஷா வருஷம் நான்தான். வேற எந்த ஷிஃப்ட்ல இருந்தாலும் ஆடிக் கொடைக்கு என்ன மாத்திப் போட்டுடுவாங்க. பாய்லர்ல எரியிறதே அம்மன்தான்னு ஊர்ல பேசிக்க ஆரம்பிச்சாங்க. சின்னப் புள்ளைங்க என்னப் பாத்தா "தீ மாமா"ன்னு கூப்பிடும். பொங்கல் பொங்கினதும் வேப்பமர நிழல்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். ஊர்க்காரங்க, நாங்க, செக்யூரிட்டி, ஃபயர் சர்வீஸ்காரங்க, எல்லாரும்.

ஊர்க்காரங்கள்ல கொஞ்சம் பேருக்குக் கான்ட்ராக்ட்ல வேலை குடுத்தாங்க. சாம்பல் பக்கம். வெள்ளத்தாய்னு ஒரு அம்மா, அவங்கதான் கொடைக்கு முதல் அடுப்பு பத்த வெப்பாங்க. புருஷன் இல்ல. அவங்க மூத்த பையன் சேர்மக்கனி எங்க ஷிஃப்ட்ல இருந்தான். நல்ல பையன் சார். சொன்னா சொன்னதச் செய்வான்.

அவன் செத்துட்டான்.

எப்படின்னா, பாய்லருக்கு அடியில சாம்பல் விழறதுக்கு ஒரு பெரிய தொட்டி இருக்கும். தண்ணி நிக்கும் அதுல. மட்டமான கரி வந்தா சாம்பல் சாம்பலா விழாது, மேலயே பாறை மாதிரி கட்டிக்கும். பக்கத்துல ஓட்டை இருக்கும், அது வழியா கம்பி விட்டுக் குத்தி உடைக்கணும். அன்னைக்கு நல்லாவே கட்டிக்கிச்சு. லோடை, அதாவது கரண்ட்டு எடுக்கற அளவ, குறைச்சிட்டு அப்புறம் குத்தலாமேன்னு என்கூட இருந்த ஒருத்தர் சொன்னாரு. லோடு குறைக்கறதுக்கு மேலருந்து ஆர்டர் வரணும் சார். கேட்டோம். குறைக்கக் கூடாது, சீக்கிரம் கிளியர் பண்ணுங்கன்னுதான் வந்துச்சு. எனக்கு மேலருந்து சொன்னாங்க, நான் கீழ சொன்னேன். சேர்மக்கனி, போய்க் குத்துப்பான்னேன். அவன் போய்க் குத்தினான். பாறை மொத்தமா தண்ணியில விழுந்துச்சு. தண்ணியும் நெருப்பும் ஆவியும் அந்த ஓட்டை வழியாத்தானே வரணும். வந்துச்சு.

பெரிய ஆஸ்பத்திரியில நாலஞ்சு நாள் இருந்தான். விசாரணை வெச்சாங்க. யார் மேலயும் தப்பு இல்லன்னு வந்துச்சு. முறைப்படிதானே எல்லாம் நடந்துச்சு? நான் சொல்லலன்னா அடுத்த ஷிஃப்ட்காரன் சொல்லியிருப்பான். இத நான் யார்கிட்டயும் மறைச்சதில்ல. வெள்ளத்தாய் அம்மாவுக்கும் தெரியும். பாடியக் கொண்டு போனப்போ நான் போய் நின்னேன். அவங்க என்னப் பாத்தாங்க.

அந்த வருஷம் கொடை நடக்காதுன்னு நினைச்சோம். ஆனா வந்தாங்க சார். வெள்ளத்தாய் அம்மாவே பானையோட முன்னாடி வந்தாங்க. நான் வழக்கம்போல லாந்தர்ல நெருப்பு கொண்டு போனேன். குலவை போடல, துக்க வீடு இல்லையா, நானும் எதிர்பாக்கல. அடுப்புப் பத்த வெச்சி, பொங்கல் வெச்சி, இலை போட்டு எங்களுக்கு வெச்சாங்க. எங்களுக்கு மட்டும். நீங்க உக்காரலையான்னு கேட்டேன். நாங்க விரதம், நீங்க சாப்பிடுங்கன்னாங்க.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் அப்படித்தான். அவங்க பக்தி கூடிப் போச்சுன்னு நாங்க பேசிக்கிட்டோம். புள்ளயப் பறிகொடுத்தும் நம்மளுக்குப் போட்டுட்டுத்தான் அவங்க சாப்பிடுறாங்க, இந்தக் காலத்துல யாரு சார் அப்படி? எனக்கு மட்டும் வெள்ளத்தாய் அம்மாவே பரிமாறுவாங்க. வேற யாரையும் என் இலைக்கு விட மாட்டாங்க. பரிமாறிட்டு எதிர்ல நிப்பாங்க. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நகர மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் வெக்கட்டான்னு கேப்பாங்க. அந்தப் பொங்கலும் அப்படி ஒரு ருசி சார், பாய்லர் நெருப்புல வெந்ததோ என்னவோ. நான் ரெண்டாம் தடவை வாங்கிப்பேன். வீட்டுக்கும் கேரியர்ல போட்டுக் குடுப்பாங்க. என் வீட்டுக்காரி வசந்தா நெய் போட்டுச் சூடு பண்ணி பக்கத்து குவார்ட்டர்ஸுக்கெல்லாம் குடுப்பா.

டூட்டி முடிஞ்சி சைக்கிள் எடுக்கப் போனா, கேட்டுக்கு வெளிய ரோட்டோரம் புகை வரும். ஊர்க்காரங்க திரும்பவும் கல் கூட்டி, பானை வெச்சி, பொங்கிக்கிட்டு இருப்பாங்க. பாவம், உள்ள வெச்சதையெல்லாம் நம்மளுக்கே குடுத்துட்டு, இவங்களுக்குன்னு திரும்ப வெச்சிக்கிறாங்களேன்னு எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும்.

இதோ வருது பாருங்க சுவரு. இதான். அந்த நெளிஞ்ச கம்பி தெரியுதே, அதுதான் மெயின் கேட்டு இருந்த இடம். அந்தப் பக்கம் வெள்ளையா கிடக்கு பாருங்க, அது மணல் இல்ல, சாம்பல். ஓடை அதுக்கு அடியிலதான் இருக்கு. காத்தடிச்சா இப்பவும் பறக்கும். இனிமே என்ன வரும்னு கேக்குறீங்களா? சோலார்னு ஒருத்தர் சொல்றாரு, கன்டெய்னர் அடுக்கற இடம்னு ஒருத்தர் சொல்றாரு. யாருக்குத் தெரியும்.

பழைய யூனிட்டு, கரி ரொம்பத் தின்னுது, கரண்ட்டு கம்மியா வருதுன்னு மூட ஆர்டர் வந்துச்சு. பங்குனியில. கடைசி ஷிஃப்ட் நான். நிறுத்தச் சொல்லி போன் வந்துச்சு, நிறுத்தினோம். போட்டோ எடுத்தாங்க. சால்வை போட்டாங்க. ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி நான் ஒரு வேலை செஞ்சேன். ஆடிக்கு அம்மனுக்கு நெருப்பு வேணுமே? பாய்லர் அணைஞ்சுட்டா எங்க போறது? அதனால கம்பிய உள்ள நீட்டி, இந்த லாந்தர ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

ஆமா சார், பங்குனியிலேருந்து இது அணையல. ரெண்டு லாந்தர் வெச்சிருக்கேன். ஒண்ணத் துடைக்கும்போது இன்னொண்ணு எரியும். ரேஷன்ல மண்ணெண்ணெய் நிறுத்திட்டாங்க, வெளிய வாங்கறேன். கரண்ட்டு போனா எங்க தெருவுல எங்க வீட்ல மட்டும்தான் வெளிச்சம். கரண்ட்டு தயாரிச்சவன் வீட்ல மண்ணெண்ணெய் விளக்கான்னு பசங்க கிண்டல் பண்றானுங்க. குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு இங்கயே டவுன்ல வாடகைக்கு இருக்கேன். வசந்தா கொஞ்ச நாள் பாத்தா. அணைச்சிட்டு வாங்க, ஊருக்குப் போலாம்னா. வீட்டுக்காரி சொல்றதெல்லாம் ஆர்டரா சார்? அவ மட்டும் அரக்கோணத்துல பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா. ஆடி முடிஞ்சி வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

வைகாசியில பிளான்ட்டப் பிரிக்கிற கான்ட்ராக்டரு ஊர்க்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டாரு, உங்க சாமிய எடுத்துக்கோங்கன்னு. அவங்க வந்து அம்மன் இருந்த இடத்துலேருந்து ஒரு பிடி மண் எடுத்து, பீடத்துக் கல்லையும் தூக்கி, புது ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. இத்தன வருஷம் நெருப்பு கொண்டு போனவன். செக்யூரிட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும். சரி, பாஸ் வாங்கற அவசரத்துல மறந்திருப்பாங்கன்னு விட்டுட்டேன்.

இன்னைக்குத்தான் புது ஊர்ல முதல் கொடை. விடியக்காலையில குளிச்சிட்டு, ஷேர் ஆட்டோக்காரனுக்குத் தனியாக் குடுத்து, லாந்தரோட போய் இறங்கினேன். எனக்காக அடுப்புக் கூட்டிட்டுக் காத்திருப்பாங்கன்னு நினைச்சேன். காத்தடிக்குமேன்னு துண்டால மறைச்சிக்கிட்டே போறேன். போய்ப் பாத்தா பானை பொங்கி வழிஞ்சிகிட்டு இருக்கு. குலவை போடுறாங்க. அந்தக் குலவையக் கேட்டு எத்தன வருஷமாச்சு.

பீடத்துக்கு முன்னாடி ஒரு தீப்பெட்டி கிடக்கு சார். கடையில விக்கிற சாதாரண தீப்பெட்டி. அவ்வளவு பெரிய பாய்லர், அவ்வளவு வருஷம் எரிஞ்ச நெருப்பு, கையில வெச்சிக்கிட்டு நிக்கிறேன், தீப்பெட்டியில பத்த வெச்சிருக்காங்க.

சேர்மக்கனியோட தம்பி தங்கப்பாண்டி ஓடி வந்தான். "அண்ணாச்சி, அத வெளிய வைங்க"ன்னான்.

"என்னப்பா, பாய்லர் நெருப்புப்பா, அணைய விடாம வெச்சிருக்கேன்"னேன்.

"தெரியும் அண்ணாச்சி. அதான் வேண்டாங்கேன்."

"வருஷா வருஷம் இதுலதானப்பா பொங்கினீங்க?"

"பொங்குனோம். அண்ணன் செத்ததுக்கு அப்புறம் அதுல ஒரு வாய் நாங்க தின்னது கெடையாது. தீப்பெட்டி விடமாட்டேன்னிய, அம்மனுக்குப் பொங்காம இருக்க முடியாது, பொங்குனோம். பொங்குனத ஒங்களுக்குப் போட்டுட்டு, நாங்க வெளிய வந்து வேற பொங்கித் தின்னோம்."

சின்னப் பையன், கோவத்துல பேசறான்னு நினைச்சேன். அப்பதான் வெள்ளத்தாய் அம்மா வந்தாங்க. தலையெல்லாம் வெள்ளையாயிடுச்சு. "தம்பி சும்மா இருல"ன்னு அவன அதட்டிட்டு என்கிட்ட வந்து நின்னாங்க. நான் சாப்பிடும்போது நிப்பாங்களே, அதே மாதிரி.

"எம்புள்ள வெந்த தீயி அது. அதுல வெந்தத நான் எப்படிய்யா திங்க? அவனக் குத்தச் சொன்னவரு திங்கட்டும்னு ஒமக்குப் போட்டேன். ஒவ்வொரு வருசமும் தொண்டையில நிக்கும், நிக்கும்னு பாத்துட்டு நின்னேன். நீரு நல்லாத்தான் சாப்பிட்டீரு"ன்னாங்க.

கத்தல சார். அழல. சந்தையில வெல சொல்ற மாதிரி சொன்னாங்க.

நான் வாங்கி வாங்கிச் சாப்பிட்டிருக்கேன். வீட்டுக்கும் கொண்டு போயிருக்கேன். வசந்தாவுக்குக் குடுத்திருக்கேன். எனக்கு அப்ப என்ன தோணிச்சுன்னா, அந்த ருசியெல்லாம் ஞாபகம் வந்துச்சு. வேற ஒண்ணும் தோணல. அழுகை வரும்னு பாத்தேன், வரல. சேர்மக்கனி செத்தப்பவும் வரல. எனக்கு அப்படித்தான் சார், என்ன செய்யறது.

அவங்க இன்னும் போகல. லாந்தரக் கிட்டக் குனிஞ்சி பாத்தாங்க. அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கிச்சு. "போவட்டும். அம்மனும் இங்க வந்துட்டா, எனக்கும் வயசாச்சு. இனி இத வச்சிச் சொமக்க என்னால முடியாது. அந்த விளக்க அணைச்சிட்டு வாரும். எல போடச் சொல்லுதேன். எங்ககூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போரும்"னாங்க.

எங்ககூடன்னு சொன்னாங்க சார். காதுல விழுந்துச்சு. இலை போட்டாச்சு, தண்ணி தெளிச்சாச்சு. பக்கத்து இலையில அவங்களே உக்காந்தாங்க. தங்கப்பாண்டியும் உக்காந்தான். எனக்குப் போட்ட இலையில பொங்கல் வெச்சி, ஆவி பறக்குது. யாரும் கை வெக்கல. நான் வரட்டும்னு எல்லாரும் உக்காந்திருக்காங்க.

ஒரு ஊது. அவ்வளவுதான். திரியக் கூட இறக்க வேணாம். நான் கண்ணாடியத் தூக்கிட்டேன் சார், வாய் கிட்டயும் கொண்டு போனேன். ஆனா நானா எதையும் அணைச்சதில்ல. என் சர்வீஸ்ல ஒரு நாள் கூட நானா எதையும் நிறுத்தினதில்ல. மேலருந்து யாராவது சொல்லணும். பின்னாடி யாராவது இருக்காங்களான்னு திரும்பிப் பாத்தேன். இன்ஜினியர் மாதிரி, ஊர்த்தலைவர் மாதிரி, யாராவது வந்து, ஜெகதீசா அணைய்யான்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். இலையில ஆவி அடங்கிப் போச்சு.

யாரும் சொல்லல. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான், வந்து ஏறிட்டேன்.